வெள்ளை ஓரம்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று குடும்பக் கோர்ட்டில் முதல் விசாரணை. உங்கள் அண்ணனின் வக்கீல் ஒரு ஆல்பத்தை நீட்டினார். நீல அட்டை, ஒன்பது படங்கள். என் வக்கீலம்மா அதை வாங்கி என் மடியில் வைத்தார். ஒன்பதிலும் என் மகள் மட்டும்தான். நீங்கள் விளையாட்டாக "குண்டூசி" என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் எல்லாருக்கும் அதுவே பேராகிப் போன என் மகள். அவளைச் சுற்றிப் பால் கொட்டினது மாதிரி ஒரே வெள்ளை. சுவர் இல்லை, நாற்காலி இல்லை, ஆள் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜட்ஜ்கூட ஒரு படத்தைப் புரட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

பிறகு அந்த வக்கீல் எழுந்து, "குழந்தை பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எடுத்த படங்கள் இவை. இதில் ஒன்றிலாவது அம்மா இருக்கிறாரா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தம்பி, அந்த ஒன்பது படத்திலும் நான் இருந்தேன். எடுத்ததே நீங்கள்தான். மூன்றாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்போது அவள் கையைச் சேர்த்துப் பிடித்திருந்தது நான். அவள் கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது நான். "அண்ணி, கொஞ்சம் சிரிங்க" என்று நீங்கள் சொன்னதும், இருக்கிற இருப்பில் சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல் என்று நான் எரிந்து விழுந்ததும் மறந்துவிட்டதா? ஸ்கூலுக்குப் போன முதல் நாள் ஷூ லேஸ் கட்டிவிட்டதும் நான்தான்.

உங்கள் அண்ணனுக்குப் போட்டோக் கடையின் முன்பக்கம்தான் தெரியும். ஒரு பிரிண்ட் போடத் தெரியாது. இருட்டறைக்குள் போகிறவர் நீங்கள் ஒருவர். அதனால் உங்களைக் கேட்கிறேன். எதற்கு என்று தெரிந்துதான் செய்தீர்களா?

அந்த நெகடிவ்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்த விசாரணை மார்ச் 27.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைச்சுது. நல்ல வேளை, தபால்காரர் என் கையில கொடுத்தார். இனிமே கடை விலாசத்துக்கு எழுதாதீங்க. எதிர்ல சலூன் இருக்கே, அந்த விலாசத்துக்குப் போடுங்க. சலூன்காரர் பத்திரமா கொடுத்துடுவார்.

நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. இதுக்கு எங்க தொழில்ல விக்னெட்னு பேரு. புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. ஒரு அட்டையில முட்டை மாதிரி ஓட்டை வெட்டி, மேலேருந்து வெளிச்சம் விடற என்லார்ஜருக்கும் கீழ இருக்கிற பேப்பருக்கும் நடுவுல பிடிச்சு லேசா ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஓட்டை வழியா வெளிச்சம் விழற இடம் படமாகும். விழாத இடம் வெறும் பேப்பராவே நின்னுடும். ஆட்டாம பிடிச்சா ஓரம் கத்தியால வெட்டின மாதிரி தெரியும். ஆட்டினா புகை மாதிரி கரையும். அவ்வளவுதான் சங்கதி.

வர்றவங்க பாதிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க. முகம் நல்லா இருக்கும், பின்னாடி கொடியில துணி காயும். இல்ல சுவத்துல ஈரம் ஊறியிருக்கும், இல்ல யாரோ குறுக்க வந்திருப்பாங்க. அதையெல்லாம் கரைச்சுட்டா முகம் தனியா எழுந்து நிக்கும். போன வாரம் ஒரு குமாஸ்தா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும், தொப்பையையும் சேர்த்துக் கரைச்சுடுங்கன்னார். கரைச்சேன். கழுத்துக்குக் கீழ மனுஷனே இல்ல, மேகத்துல மிதக்கிற மாதிரி இருந்தார். சந்தோஷமா வாங்கிட்டுப் போனார்.

நம்ம படங்களையும் குழந்தை ரூம்ல மாட்டணும்னுதான் அண்ணன் சொன்னான். கோர்ட்டுக்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?

நெகடிவ் எல்லாம் பீரோவுல இருக்கு, சாவி அண்ணன்கிட்ட. நான் இங்க மாடி ரூம்ல இருக்கேன், அவன் போடற சோத்தைச் சாப்பிடறேன். உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்க அண்ணி. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

குண்டூசி நல்லா இருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

ஆல்பத்தை மறுபடி பார்க்க வக்கீலம்மா அனுமதி வாங்கித் தந்தார். நேற்று கோர்ட் ஆபீஸில் கிளார்க் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நிற்கிறவள் நான். டாக்டர்கள் கிறுக்கினதைப் படித்துப் படித்துப் பழகின கண்.

ஷூ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருக்கிறாள். நான் தரையில் இருந்தேன். என் விரல்கள் அவள் ஷூ மேலேயே இருந்தன. உங்கள் முட்டை ஓட்டையை வைத்தால், ஒன்று என் விரல்களும் படத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் அவள் பாதம் முழுதும் போக வேண்டும். ஆனால் படத்தில் முழங்கால் இருக்கிறது, கணுக்கால் இருக்கிறது, ஷூவின் குதிகால்கூட இருக்கிறது. என் விரல்கள் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை உள்ளே வளைந்து வந்திருக்கிறது.

அது முட்டை இல்லை தம்பி. கத்திரிக்கோலை எடுத்து, என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டின அட்டை. அவசரத்தில் வெட்டினதாகவும் தெரியவில்லை. பொறுமையாக வெட்டியிருக்கிறீர்கள்.

கொடியில் காய்கிற துணியா நான்?

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டால் பொய் எழுதாதீர்கள், அது போதும்.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

உங்க கடிதத்தை சட்டைப் பையில வச்சுக்கிட்டு நாலஞ்சு நாள் சுத்தினேன். எழுத உக்காந்தா கை ஓடல.

முதல் ரெண்டு படம் போடும்போது எனக்கு நிஜமாவே ஒண்ணும் தோணல. பின்னாடி கூட்டமா இருக்கு, கரைச்சுடுன்னு அண்ணன் சொன்னான். கரைச்சேன். மூணாவது ஷூ படம். பிரிண்ட்டை வாங்கிப் பாத்துட்டு, "விரல் தெரியுதுடா"ன்னான். அப்பதான் புரிஞ்சுது. புரிஞ்சதுக்கப்புறம் ஏழு படம் போட்டேன். இதுதான் உண்மை. கோர்ட் விஷயம் தெரியாதுன்னு எழுதினதும் பாதிப் பொய். படம் போட்ட அந்த மாசத்துலயே அவன் வக்கீல் கடைக்கு ரெண்டு தடவை வந்தார். நான் கேக்கல. கேட்டா பதில் வந்துடுமேன்னு கேக்கல.

ஏன் பண்ணேன்? அண்ணன் சோறு போடறான்னு எழுதினேனே, அது காரணம் இல்ல. கோபம். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வெள்ளிக்கிழமை நீங்க பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினப்ப நான் இருட்டறைக்குள்ள இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வெளிய வந்தா குண்டூசி படிக்கட்டுல உக்காந்திருக்கா. அதுக்கப்புறம் நாப்பது நாள், உங்க படம் எங்கயாவது கண்ணுல பட்டா அழுவா. கூடத்துல இருந்த படத்துக்கு முத்தம் கொடுக்கறேன்னு ஸ்டூல் மேல ஏறி விழுந்தா. அண்ணனுக்குச் சமாதானம் பண்ணத் தெரியாது. கதவைச் சாத்திக்குவான். நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு கூடத்துக்கும் வாசலுக்குமா நடந்தேன்.

பழைய படத்தையெல்லாம் எடுத்துட்டு, வெள்ளை ஓரப் படங்களை மாட்டினோம். கொஞ்ச நாள்ல அழறதை நிறுத்திட்டா. நல்லதுதான் பண்ணியிருக்கோம்னு நினைச்சேன் அண்ணி. சத்தியமா நினைச்சேன்.

27-ஆம் தேதி வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. யோசிக்க விடுங்க.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நான் சொல்லாமல் போனேன் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தட்டினேன். இருட்டறைக் கதவுக்கு மேலே, உள்ளே வராதே என்கிற சிவப்பு பல்பு எரிந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். இரண்டு தடவை தட்டினேன். வெளிச்சம் புகுந்தால் பேப்பர் கெட்டுவிடும் என்று அந்த வீட்டில் பழகினவள், அதற்கு மேல் தட்டத் தோன்றவில்லை.

எனக்கு இங்கே மாற்றல் வந்தது. வேலையை விடு என்றார் உங்கள் அண்ணன், மாட்டேன் என்றேன். எங்கள் சண்டையின் முதல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறினது. தங்க இடம் கிடைத்ததும் ஒரு வாரத்தில் வந்து குழந்தையை அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அவரும் தலையை ஆட்டினார். ஒரு வாரம் கழித்து வந்தேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டுக் கதவை யாரும் திறக்கவில்லை. அன்றைக்கு உங்கள் இருவரையும் எங்கே அழைத்துப் போயிருந்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு எனக்குக் கோர்ட் ஒன்றுதான் வழியாக இருந்தது.

நெகடிவ் மட்டும் வந்தால் போதாதாம். பிரிண்ட் போட்டவர் வந்து தன் வாயால் சொல்ல வேண்டுமாம். சம்மன் அனுப்பட்டுமா என்று வக்கீலம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்களாக வந்தால் வாருங்கள்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

27-ஆம் தேதி கோர்ட் வாசல்ல உங்ககூடப் பேசாம போனதுக்கு மன்னிச்சுடுங்க. ஜட்ஜம்மா நெகடிவை ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்களே, அப்ப உங்க பக்கம் திரும்பக்கூட எனக்குத் தைரியம் வரல. "பிரிண்ட்ல அம்மாவை மறைச்சது நீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். என் குரல் எனக்கே கேக்கல, மறுபடி சொல்லச் சொன்னாங்க.

சாவியை நான் திருடல. உங்க கடிதத்துல அந்த ஒரு வார விஷயத்தைப் படிச்சதும் கடை முன்பக்கம் உக்காந்திருந்த அண்ணன்கிட்ட நேரா போய்க் கேட்டேன். அன்னிக்கு எங்களை அவன் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனான் அண்ணி. காலையில போய் இருட்டினப்புறம் வந்தோம். சும்மா ஒரு மாறுதலுக்குன்னான். நானும் நம்பினேன். சாவியைக் கேட்டதும் எதுக்குன்னு அவன் கேக்கல. மேஜை மேல வச்சுட்டு ரசீது புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிச்சான். அதுல ஒண்ணும் எழுதல.

கோர்ட்லேருந்து வீட்டுக்குப் போனதும், "மாடி ரூம் எனக்கு வேணும்"னு மட்டும் சொன்னான். அதுல சத்தம் இல்ல, திட்டு இல்ல. திட்டியிருந்தா தேவலை. குண்டூசி ஸ்கூல்ல இருந்தா. அவகிட்ட சொல்லிக்காமதான் கிளம்பினேன். நான் உங்களைச் சொன்ன அதே குத்தம்.

இப்ப ஒரு பத்திரிகை ஆபீஸ்ல இருட்டறை வேலை கிடைச்சிருக்கு. உங்க ஊர்லேருந்து பஸ்ல மூணு மணி நேரம். நெகடிவை கோர்ட்ல ஒப்படைக்கறதுக்கு முன்னாடியே ஒன்பதையும் முழுசா பிரிண்ட் போட்டு வச்சேன். இதோட அனுப்பறேன். ஷூ படத்துக்கு மட்டும் இன்னொரு நெகடிவ் என்கிட்ட இருக்கு. அன்னிக்கு ரெண்டு தடவை எடுத்தேன்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

லீவு முழுதும் குழந்தை என்னிடம் இருக்கலாம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். மீதியை ஆகஸ்டில் பார்ப்பார்களாம். குண்டூசி வந்து பத்து நாள் ஆகிறது.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். எழுத முடியவில்லை. அவள் என்னை "நீங்க" என்கிறாள். தண்ணி வேணும் என்றால்கூட, "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள். வந்த முதல் நாள் தன் துணியைத் தானே மடித்து, பையை மூடி, கிளம்பத் தயாராக இருக்கிறவள் மாதிரி கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அனுப்பின படங்களைக் காட்டினேன். ஜட்ஜுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது, இவளுக்குப் போதவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் மனம் நோகக் கூடாது என்று ரொம்ப மெதுவாக, "இது சித்தப்பா ஒட்டினது. எங்க வீட்டுல இருக்கிறதுதான் நிஜப் படம். சித்தப்பாவுக்கு இருட்டு ரூம்ல என்ன வேணா பண்ணத் தெரியும்" என்றாள். கேக் வெட்டினது ஞாபகம் இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். தனியாக வெட்டினாளாம்.

உங்கள் வெள்ளை ஓரம் சுவரில் மட்டும் இல்லை, தம்பி. அவள் மனதிலேயே என்னைச் சுற்றி வெட்டிவிட்டீர்கள்.

கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் அவளை அங்கே அழைத்து வருகிறேன். எப்படிச் செய்தீர்கள் என்று நீங்களே அவளுக்குக் காட்டுங்கள். உங்களால்தான் முடியும். என்னால் சொல்ல மட்டும்தான் முடிகிறது.

அண்ணி


மே 26

அண்ணி,

அன்னிக்குக் குண்டூசி இருட்டறையிலேருந்து அழுதுக்கிட்டு வெளிய வந்தா. என்னைத் திரும்பிப் பாக்காம உங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. நீங்க என்னை முறைச்சீங்க. ஆபீஸ் வாசல் பெஞ்சுல, எல்லாரும் போய்வர்ற இடத்துல, என்னால ஒண்ணும் விளக்க முடியல. இப்ப எழுதறேன்.

முதல்ல ஷூ படத்தை முழுசா போட்டேன். ஸ்டூல் மேல நிக்க வச்சு, டெவலப்பர் மருந்து ஊத்தின ட்ரேயைப் பாருன்னேன். வெள்ளை பேப்பர்ல கறுப்புதான் முதல்ல எழும்பும். அதனால உங்க தலைமுடி முதல்ல வந்துது. அவ வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க. அப்புறம், "இந்த ஃபிலிம்லயே ஒட்டியிருப்பீங்க"ன்னா. நெகடிவை ஓரத்தைப் பிடிச்சு அவ கையில கொடுத்தேன். விரலால தடவிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. ஒட்டு இல்ல.

அப்புறம் அவ கண் முன்னாடியே அட்டையை எடுத்து, அன்னிக்கு வெட்டின மாதிரியே வெட்டினேன். கையைப் பிடிச்சு அவளையே ஆட்டச் சொன்னேன். ரெண்டாவது பேப்பரை ட்ரேயில போட்டதும் அவ மட்டும் வந்தா. சுத்தி வெள்ளை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா.

"அம்மா அங்கயே இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அப்புறம் அவ கேட்டா. "அப்பா செய்யச் சொன்னாரா?"

அண்ணி, நான் உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனா அந்த இடத்துல அவளுக்குப் பொய் சொன்னேன். இல்ல, நானாதான் பண்ணேன், அப்பாவுக்குத் தெரியாதுன்னேன். லீவு முடிஞ்சா அவ அந்த வீட்டுக்குத்தான் போகணும், அந்த மனுஷன் கூடத்தான் தினமும் சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் தோணல.

அவ ஸ்டூல்லேருந்து இறங்கி, "கதவைத் திறங்க"ன்னா. பேப்பர் பெட்டி மூடாம இருந்துது. பேப்பர் கெட்டாலும் போகுதுன்னு கதவைத் திறந்துட்டேன்.

இனிமே அவ என்கூடப் பேச மாட்டா. பரவாயில்ல. நீங்க அவகிட்ட உண்மையை எடுத்துச் சொல்லிடாதீங்க, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். அவர் செய்ததை ஏன் நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டும்? இரண்டு வருஷம் என்னை மறைத்தீர்கள், இப்போது அவரை மறைக்கிறீர்கள். இதைவிட நாலு மடங்கு எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் குண்டூசியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அங்கிருந்து வந்த மறுநாள், கட்டிலுக்குக் கீழே இருந்த பையைத் திறந்து துணிகளை என் அலமாரியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, தலை வாரும்போது, "நீ ரொம்ப இழுக்கற" என்றாள். நீ என்றாள், தம்பி. சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டேன். நான் ஏன் போனேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

லீவு முடிந்து நேற்று அவளை ரயிலில் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சித்தப்பா பொய் சொல்றாரு. அப்பா சொல்லாம அவரு ஒரு பெஞ்சைக்கூட நகர்த்த மாட்டாரு." "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாதே, பாவம்" என்றும் சொன்னாள். நான் சரி என்றேன். இதோ எழுதுகிறேன். ஏழு வயசுப் பெண் பெரியவர்களுக்காக இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டாம். நம் மூன்று பேரில் ஒருவராவது அதற்கு உடந்தையாக இல்லாமல் இருக்கட்டும்.

ஸ்டேஷனில் உங்கள் அண்ணன் நின்றிருந்தார். குண்டூசி அவரிடம் போய், "சித்தப்பாவை எங்க அனுப்பினீங்க?" என்று கேட்டாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். பத்தடி நடந்தார்கள். பிறகு அவளை ஒரு தூண் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார். இரண்டு வருஷத்தில் கோர்ட்டுக்கு வெளியே என்னிடம் பேசின முதல் வார்த்தை. "அவன் எங்க இருக்கான்?" என்றார்.

சண்டைக்கா, சமாதானத்துக்கா, முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். உங்களைக் கேட்டுவிட்டுத்தான் விலாசம் தருவேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த ஏழு படத்துக்கான கோபம் எனக்குப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் ஆகஸ்டில் எது நடந்தாலும், குண்டூசி வரும்போது நீங்களும் வாருங்கள். அவள் உங்களோடு பேசுவாள்.

விலாசத்தைக் கொடுக்கலாமா?

அண்ணி


ஜூன் 20

அண்ணி,

கொடுங்க. ஆபீஸ் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க. பின்வாசல் வழியா வரணும், சைக்கிள் நிறுத்தற இடத்தைத் தாண்டி இடதுபக்கம் ரெண்டாவது கதவு, சிவப்பு பல்பு எரிஞ்சாலும் தட்டலாம்னு தெளிவா எழுதிக் கொடுங்க. தெரியாத ஊர்ல அண்ணன் யார்கிட்டயும் வழி கேக்க மாட்டான். கூச்சப்பட்டுக்கிட்டு வாசலோட திரும்பிடுவான்.

தம்பி